மிடில்டவுனில் மிருதங்கம்: ஒரு கலைப் படிப்பைத் தாங்கிய மனிதர்கள்

2025 ஜூனில் ஒரு செய்தி வந்தது. அமெரிக்காவின் ஃபுல்பிரைட் உதவித்தொகைத் திட்டத்தை மேற்பார்வையிடும் 12 பேர் குழுவில் ஏறத்தாழ எல்லாரும் சேர்ந்தாற்போல் பதவி விலகினார்கள். தாங்கள் தேர்ந்தெடுத்தவர்களின் பட்டியலில் அரசு கை வைக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதைப் படித்த நம் ஊர்க்காரர்கள் பலருக்குக் குழப்பம். ஃபுல்பிரைட் என்றால் என்ன, அதற்கு ஒரு குழு எதற்கு, அது கலைந்தால் யாருக்கு என்ன நஷ்டம், நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. 1965இல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்து கீர்த்தனை பாடினார். பெயர் ஜான் ஹிகின்ஸ். பிற்பாடு ஊரே அவரை ஹிகின்ஸ் பாகவதர் என்று கூப்பிட்டது. அவர் சென்னைக்கு வந்தது ஃபுல்பிரைட் பணத்தில். அவருக்குக் குருவாக இருந்த புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதன் 1958இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போனதும் அதே பணத்தில்தான்.

ஆனால் உதவித்தொகை என்பது விமான டிக்கெட்டும் மாதச் செலவும் மட்டுமே. ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் பாட்டும் பட்டத்துக்குரிய பாடமாகி, அறுபது ஆண்டுகளாக நிற்கிறது என்றால், அதற்குப் பின்னால் குறிப்பிட்ட சில மனிதர்கள் இருந்திருக்கிறார்கள். கனெக்டிகட் மாநிலத்தின் மிடில்டவுனில் இருக்கும் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் உலக இசைத் திட்டத்தை எடுத்துக்கொண்டு, அந்த மனிதர்கள் யார், ஒவ்வொருவரும் எதைத் தாங்கினார்கள் என்று பார்க்கலாம். அது புரிந்தால் மேலே சொன்ன செய்தியும் புரியும்.

முதலில் மூன்று சொற்கள்

1. பண்பாட்டுப் பரிமாற்ற உதவித்தொகை. ஒரு நாட்டு ஆள் இன்னொரு நாட்டுக்குப் போய்ப் படிக்கவோ கற்பிக்கவோ அரசு தரும் பணம். ஃபுல்பிரைட் இதில் மிகவும் பெயர்பெற்றது. ஆர்க்கன்சா மாநில செனட்டர் ஜே. வில்லியம் ஃபுல்பிரைட் கொண்டுவந்த சட்டம் 1946 ஆகஸ்ட் 1 அன்று கையெழுத்தானது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க ராணுவத்தின் மிச்சச் சாமான்கள் பல நாடுகளில் கிடந்தன. அவற்றை அங்கங்கேயே விற்று, கிடைக்கும் உள்ளூர்ப் பணத்தைப் படிப்புப் பரிமாற்றத்துக்குச் செலவிடலாம் என்பது அவர் யோசனை. இந்தியாவுடன் ஒப்பந்தம் 1950 பிப்ரவரியில் ஆனது. 2008இல் இந்திய அரசும் சமபங்கு போட ஒப்புக்கொண்டதால் இங்கே அதன் பெயர் ஃபுல்பிரைட்-நேரு. யாருக்குக் கொடுப்பது என்பதை அன்றாட அரசியலிலிருந்து தள்ளி வைக்கத்தான் தனியாக ஒரு மேற்பார்வைக் குழு. அந்தக் குழுதான் 2025இல் விலகியது.

2. இன இசையியல். உலகின் பல மக்களுடைய இசையை, அந்த மக்களின் வாழ்க்கையோடு சேர்த்துப் படிக்கும் துறை. இதற்கான அமெரிக்கச் சங்கம் 1955இல் தொடங்கியது. ஆரம்பத்தில் இந்தத் துறைக்காரர்கள் பலர் ஒலிப்பதிவைக் கேட்டு, எழுதி, அலசுவார்கள். தாங்கள் வாசிக்க மாட்டார்கள்.

3. தங்கிக் கற்பிக்கும் கலைஞர். பல்கலைக்கழகம் ஒரு கலைஞரை ஒரு பருவத்துக்கோ ஓர் ஆண்டுக்கோ வரவழைத்துத் தங்கவைத்துப் பாடம் எடுக்கச் சொல்லும் பதவி. பேராசிரியர் பதவி வேறு, இது வேறு. இந்த வித்தியாசம் பின்னால் முக்கியமாகும்.

ஜார்ஜ் டவுன் வீடு

கதை கனெக்டிகட்டில் தொடங்கவில்லை, சென்னை ஜார்ஜ் டவுனில் தொடங்குகிறது. வீணை தனம்மாள் (1867–1938) வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வீட்டிலேயே வாசிப்பார். பெரிய வித்வான்களே வந்து ஓரமாக உட்கார்ந்து கேட்பார்கள். மைக் கிடையாது, மேடை கிடையாது. பதங்களும் ஜாவளிகளும் கிருதிகளும் அந்த வீட்டுக்கென்றே உள்ள நிதானத்தோடு கேட்கும்.

அவருடைய மகள் ஜெயம்மாள். ஜெயம்மாளின் பிள்ளைகளில் மூன்று பேர்தான் இந்தக் கட்டுரைக்கு மையம்.

பாலசரஸ்வதி, பிறப்பு 1918. கந்தப்பப் பிள்ளையிடம் நாட்டியம் கற்று, ஏழு வயதில் காஞ்சிபுரத்தில் அரங்கேறியவர். ரங்கநாதன், மிருதங்கம், பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர். விஸ்வநாதன், புல்லாங்குழல், திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர். கச்சேரியில் வாசித்துக்கொண்டே இருந்து, நடுவில் குழலை இறக்கிவிட்டு அதே வரியைப் பாடுவார் விஸ்வநாதன். சாகித்யம் காதில் விழ வேண்டும் என்கிற குடும்பம் அது.

தேவதாசி மரபில் வந்த குடும்பமும்கூட. கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947இல் வந்தது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே எழுந்த விவாதத்தில், வழக்கத்தின் மீதிருந்த கோபம் கலைஞர்கள் மீதும் விழுந்தது. சதிர் என்ற அவர்களுடைய ஆட்டம் பரதநாட்டியம் என்று பெயர் மாறி வேறு வீட்டுப் பிள்ளைகளின் மேடைக்குப் போனபோது, பரம்பரையாக அதை வைத்திருந்தவர்களுக்கு மேடை குறைந்தது. பாலசரஸ்வதி மகத்தானவர் என்று சென்னை ஒப்புக்கொண்டது. மியூசிக் அகாடமி ஆதரவில் அவர் பள்ளியும் நடத்தினார். ஆனாலும் அவர் கையில் இருந்த செல்வத்துக்கு ஏற்ற அளவில் மாணவர்கள் வந்து குவியவில்லை. இதை வருத்தத்தோடு சொல்லித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டில் அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த மரியாதையைப் பேசும்போது, உள்ளூரில் காலியாகக் கிடந்த இடத்தையும் சேர்த்துப் பேசாவிட்டால் கதை அரைகுறையாகிவிடும்.

வாசிக்கத் தெரியாமல் எப்படி எழுதுவது?

இப்போது கடலுக்கு அந்தப் பக்கம். லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மான்டில் ஹூட் என்று ஒரு பேராசிரியர். ஜாவாவின் காமலான் இசையில் ஊறியவர். 1960இல் அவர் ஒரு கருத்தை முன்வைத்தார். இரண்டு மொழி பேசுகிறவர் இருப்பதுபோல், இரண்டு இசையில் புழங்குகிறவரும் இருக்க முடியும். இன இசையியல் மாணவர் அப்படித்தான் ஆக வேண்டும். அதாவது, வாசிக்கத் தெரியாமல் ஆய்வு எழுதாதே.

கேட்க எளிய விஷயம்தான். ஆனால் இதை ஏற்றுக்கொண்டால் உடனே ஒரு தேவை முளைக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொடுப்பது யார்? புத்தகம் கற்றுக்கொடுக்காது. ஒலிநாடா கற்றுக்கொடுக்காது. வித்வானை வரவழைக்க வேண்டும், அவருக்கு அறை வேண்டும், சம்பளம் வேண்டும், விசா வேண்டும். ஒரு கல்விக் கொள்கை சட்டென்று பயணச்சீட்டும் வாடகையுமாக மாறுவது இந்த இடத்தில்தான்.

ஹூட்டின் மாணவர் ராபர்ட் இ. பிரவுன் (1927–2005) அதைச் செய்துகாட்டியவர். 1950களின் கடைசியில் சென்னைக்கு வந்து ரங்கநாதனிடம் மிருதங்கம் கற்றார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வும் மிருதங்கத்தைப் பற்றியதே. 1961இல் வெஸ்லியனில் ஆசிரியராகச் சேர்ந்தார். தன் படிப்புத் திட்டத்துக்கு 'உலக இசை' என்று பெயர் வைத்தார். கடைகளில் இசைத்தட்டு அடுக்கப் பயன்படும் சொல்லாக அது ஆவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. அவருக்கு அந்தச் சொல்லில் ஒரே அர்த்தம்தான்: எந்த ஊர் இசையும் மேற்கத்திய இசைக்குப் பக்கத்தில், அதே வரிசையில், அதே மரியாதையோடு உட்கார வேண்டும்.

பிரவுன் தன் வீட்டில் கச்சேரி வைப்பார். தானே சமைத்துப் போடுவார். மாணவர்கள் அதற்கு 'கறிக் கச்சேரி' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஜார்ஜ் டவுனின் வெள்ளிக்கிழமை மாலையையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, வாசிப்பவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்து கேட்பது. இந்த இசைக்கு அதுதான் சரியான அளவு என்று பிரவுனுக்குப் பிடிபட்டிருந்தது. அவரைத் திட்ட நிர்வாகி என்று மட்டும் எழுதினால் இந்த விஷயம் விட்டுப்போகும்.

பணம் போட்டவர்களும் கதவு திறந்தவர்களும்

இவர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் விட்டுவிட முடியாது.

1. சாமுவேல் ஸ்கிரிப்ஸ், லூயிஸ் ஸ்கிரிப்ஸ் தம்பதி. அமெரிக்காவின் பெரிய பத்திரிகைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர் சாமுவேல். லூயிஸ் பாலசரஸ்வதியிடம் நாட்டியம் கற்றவர். இருவரும் 1963இல் கீழைக் கலைகளுக்கான அமெரிக்கச் சங்கத்தைத் தொடங்கினார்கள். கோடைப் பள்ளி நடத்தி ஆசியக் கலைஞர்களை வரவழைத்தார்கள். சரோத் மேதை அலி அக்பர் கான் 1965இல் அங்கே வந்து கற்பித்தார். அவர் பெயரில் 1967இல் கலிபோர்னியாவில் எழுந்த இசைக் கல்லூரிக்கு விதை அதுதான். சங்கமே பின்னர் உலக இசை மையமாக மாறி, பிரவுனின் தலைமைக்கு வந்தது.

2. ரிச்சர்ட் வின்ஸ்லோ, டேவிட் மெக்காலெஸ்டர். வெஸ்லியனிலேயே முன்பிருந்து இருந்தவர்கள். வின்ஸ்லோ இசைத்துறையின் இசையமைப்பாளர். மெக்காலெஸ்டர் நவஹோ பழங்குடியினரின் இசையை ஆராய்ந்தவர், 1955 சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். புதிதாக வந்த ஒருவர் "இங்கே மிருதங்கம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்" என்றால், துறைக் கூட்டத்தில் "சரி" என்று சொல்ல ஆள் வேண்டும். 1831இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் தொடங்கிய கல்லூரி அது. அங்கே அந்தச் "சரி" கிடைத்தது.

பணம் போட்டவரின் பெயர் கல்வெட்டில் வரும். கூட்டத்தில் "சரி" சொன்னவரின் பெயர் பெரும்பாலும் எங்கேயும் வராது. பல திட்டங்கள் அந்த ஒரு சொல் கிடைக்காமலே செத்திருக்கின்றன.

குருகுலம் செமஸ்டருக்குள் நுழைந்தபோது

பாலசரஸ்வதி 1961இல் தோக்கியோவில் நடந்த கிழக்கு-மேற்கு இசைச் சந்திப்பில் ஆடினார். 1962இல் அமெரிக்கப் பயணம். அதன்போது வெஸ்லியனில் தங்கிக் கற்பித்தார். அடுத்த ஆண்டு ரங்கநாதன் அங்கே தங்கிக் கற்பிக்கும் கலைஞராகப் போனார். பின்னாளில் விஸ்வநாதனும் போய்ச் சேர்ந்தார்.

அங்கே அவர்களுக்கு முன்னால் இருந்த வேலையை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் மிருதங்கம் கற்கிற பையன் பிறந்ததிலிருந்து தாளத்துக்குள் வளர்கிறான். வீட்டிலோ கோயிலிலோ யாராவது தொடையில் தட்டிக்கொண்டிருப்பார்கள். குருவீட்டில் வருடக்கணக்கில் இருந்து, சொல்லாததையும் பார்த்துப் பிடித்துக்கொள்வான். அங்கே வந்து உட்கார்ந்தவர்களோ இருபது வயது மாணவர்கள். வாரத்துக்குச் சில மணி நேரம், ஒரு பருவத்துக்குச் சில மாதம், அப்புறம் மதிப்பெண். பலர் மிருதங்கத்தை அதற்கு முன் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

இதற்கு விடை நம் மரபிலேயே இருந்தது. சொற்கட்டு. கையில் வாத்தியம் இல்லாமலே, வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டுக் கற்பது.

கிட்டப் போய் ஒரு பாடத்தைப் பார்க்கலாம். ஆதி தாளம்: ஒரு தட்டு, மூன்று விரல், அப்புறம் தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. மொத்தம் எட்டு. ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் நாலு சிற்றளவு, தகதிமி. ஆக எட்டுக்கு முப்பத்திரண்டு. இப்போது 'ததிங்கிணதொம்' என்ற ஐந்தளவுச் சொல்லை மூன்று முறை சொல்லி, சரியாக அடுத்த சமத்தில், அதாவது தாளம் மறுபடி தொடங்கும் முதல் தட்டில், போய் விழ வேண்டும். மூவைந்து பதினைந்து. பாதித் தாளத்துக்குப் பதினாறு. ஒன்று மிச்சம். ஆகவே மூன்றாம் விரல் முடிந்து அடுத்த தட்டு விழுந்ததும், ஒரே ஒரு சிற்றளவு வாயை மூடிக்கொண்டிருந்து, பிறகு ஆரம்பிக்க வேண்டும்.

ததிங்கிணதொம்
ததிங்கிணதொம்
ததிங்கிணதொம்

கடைசித் 'தொம்' முடிந்த அடுத்த கணம், கை சமத்தில் தட்டும். முதல் தடவை யாருக்கும் வராது. அந்த ஒற்றை மௌனத்தைப் பொறுக்க முடியாமல் முந்திவிடுவார்கள். வந்துவிட்டால், அந்த மாணவருக்குத் தீர்மானம் (இப்படி மூன்று முறை சொல்லி முடிப்பது) என்றால் என்ன என்பது உடம்புக்கே புரிந்துவிடும். தமிழும் தெரிய வேண்டாம், தெலுங்கும் தெரிய வேண்டாம், இசைக்குறி படிக்கவும் தெரிய வேண்டாம். ஒரு வகுப்பில் பத்துப் பேர் சேர்ந்தும் சொல்லலாம்.

ரங்கநாதனிடம் கற்ற டேவிட் நெல்சன் பின்னாளில் அதே வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்தார். சொற்கட்டுக்கு ஒரு பாடநூலும் எழுதினார், 2008இல் வெளிவந்தது. குருவின் வாயில் இருந்தது மாணவரின் கையால் அச்சுக்கு வர நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

வாத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மிருதங்கம் பலா மரமும் தோலும். குளிர் நாட்டில் வீட்டுக்குள் சூடேற்றிய வறண்ட காற்றில் தோல் இழுத்துக்கொள்ளும், சுருதி ஓடும். இடப்பக்கத்துக்கு ரவை பிசைந்து ஒட்டவும், வார் இறுக்கவும், வலப்பக்கத்துக் கரும்பூச்சான கரணை தேய்ந்தால் கவனிக்கவும் கற்றாக வேண்டும். மூட்டு பிய்ந்தால் பக்கத்துத் தெருவில் ஆள் கிடையாது. சென்னையிலும் தஞ்சாவூரிலும் தலைமுறை தலைமுறையாக மிருதங்கம் கட்டும் குடும்பங்கள் இந்தப் படிப்புத் திட்டங்களின் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. அவர்கள் கை பட்ட தோல்தான் கனெக்டிகட் வகுப்பறையில் பேசுகிறது. இந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்கள் என்று கணக்கெடுத்தால், அவர்களை முதல் வரிசையில் எழுதுவேன்.

வித்வானுக்குப் பட்டம் எதற்கு?

முன்பு சொன்ன பதவி வித்தியாசத்துக்கு வருவோம்.

பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியர் என்றால் பணிக்காப்பு உண்டு, துறைக் கூட்டத்தில் குரல் உண்டு, யாரைச் சேர்ப்பது எதைப் பாடமாக்குவது என்பதில் பங்கு உண்டு. தங்கிக் கற்பிக்கும் கலைஞருக்கு இருப்பது ஒப்பந்தம். அது முடிந்தால் பெட்டி கட்ட வேண்டும், இல்லையென்றால் புதுப்பிக்கும்வரை காத்திருக்க வேண்டும். நிரந்தரப் பதவிக்கு வழக்கமாகக் கேட்பது முனைவர் பட்டம்.

விஸ்வநாதனை எடுத்துக்கொள்ளுங்கள். தனம்மாளின் பேரன். திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் வருடக்கணக்கில் பாடம். 1960களின் முதற்பாதியில் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் தலைவர். அவர் 1975இல், ஐம்பதை நெருங்கும் வயதில், வெஸ்லியனில் முனைவர் பட்டம் வாங்கினார். ஆய்வுப் பொருள் ராக ஆலாபனை, தன் வாழ்நாளெல்லாம் வாசித்துவந்த அதே ஆலாபனை. அதே ஆண்டில் அங்கே ஆசிரியராகச் சேர்ந்து, 2002இல் இறக்கும்வரை கற்பித்தார். மியூசிக் அகாடமி அவருக்கு 1988இல் சங்கீத கலாநிதி விருது தந்தது. அமெரிக்க அரசு 1992இல் நாட்டின் மரபுக் கலைஞர்களுக்கான தேசிய விருதைக் கொடுத்தது.

அவர் ஆய்வேட்டை விருப்பத்தோடுதான் எழுதியிருப்பார், அறிவுத்தாகம் உள்ளவர். ஆனால் ஏற்பாட்டின் சாய்வு தெளிவாகத் தெரிகிறது. கலைஞரைப் பற்றி எழுதுகிறவருக்கு நாற்காலி சுலபமாகக் கிடைக்கிறது. கலைஞருக்கு, தன்னைப் பற்றித் தானே எழுதினால்தான் கிடைக்கிறது. ஜாவாவிலிருந்து வந்து வெஸ்லியனில் காமலான் கற்பித்த சுமர்சாமும் இப்படித்தான். கற்பித்துக்கொண்டே முதுகலை முடித்து, 1992இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கானாவின் முரசுக் கலைஞர் ஆபிரகாம் அட்ஸென்யா 1969 தொடங்கி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே கற்பித்தார். இப்படி ஒரே ஆள் ஒரே இடத்தில் நீண்ட காலம் நின்றதுதான் வெஸ்லியனின் பலம். பல இடங்களில் கலைஞர் ஒரு பருவம் வந்து போவார்; மாணவருக்கு வாய்ப்பது அறிமுகம் மட்டும்.

கற்றவர் கற்பிப்பவராக

ஹிகின்ஸ் 1939இல் பிறந்தவர், வெஸ்லியன் மாணவர். பிரவுனின் வகுப்பில் முதல்முதலாக நம் இசையைக் கேட்டார். 1964இல் சென்னைக்கு வந்து விஸ்வநாதனிடம் கற்றார். அவருடைய முனைவர் பட்ட ஆய்வு பரதநாட்டிய இசையைப் பற்றியது. அவர் பாடிய 'கிருஷ்ணா நீ பேகனே' ஒலிப்பதிவை இன்றைக்குக் கேட்கிறவர்களும் முதலில் உச்சரிப்பில் பிழை தேடிவிட்டு, நாலு வரியில் தேடுவதை மறந்துவிடுகிறார்கள்.

ஆனால் படிப்புத் திட்டத்தின் கோணத்தில் அவர் செய்த பெரிய காரியம் பாடியது மட்டும் இல்லை. 1971இல் கனடாவின் டொராண்டோவில் யார்க் பல்கலைக்கழகத்தில் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். கூட அழைத்துக்கொண்டது திருச்சி சங்கரனை. சங்கரன் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர். ரங்கநாதனும் அவருடைய மாணவர்தான் என்பது நினைவிருக்கும். ஆக, இடக்கையால் வாசித்த ஒரு புதுக்கோட்டைப் பாணி மேதையின் பாடம், இரண்டு மாணவர்கள் வழியாக, வட அமெரிக்காவின் இரண்டு பல்கலைக்கழகங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. சங்கரன் பல பத்தாண்டுகள் யார்க்கில் கற்பித்தார். 2011இல் சங்கீத கலாநிதி ஆனார்.

ஹிகின்ஸ் 1978இல் வெஸ்லியனுக்கே பேராசிரியராகத் திரும்பினார், கலை மையத்தின் இயக்குநராகவும். 1984 டிசம்பர் 7 அன்று, நாயோடு நடந்துபோய்க்கொண்டிருந்தவரைக் குடித்துவிட்டு ஓட்டிவந்தவரின் வண்டி இடித்துக் கொன்றது. வயது நாற்பத்தைந்து. அதே ஆண்டில்தான் பாலசரஸ்வதியும் மறைந்தார். மூன்று ஆண்டு கழித்து, 1987இல், ரங்கநாதன். மூன்று பெரிய இழப்புகளுக்குப் பிறகும் வகுப்புகள் நிற்கவில்லை. விஸ்வநாதன் இருந்தார், அடுத்த தலைமுறையில் நெல்சன் இருந்தார். விஸ்வநாதனுக்குப் பின் தமிழ்நாட்டிலிருந்து வந்த பி. பாலசுப்ரமணியன் வாய்ப்பாட்டு கற்பிக்கிறார். 1970களில் தொடங்கிய நவராத்திரி விழா மிடில்டவுனில் வருடாவருடம் நடந்துவருகிறது.

செய்தியில் வரும் வெட்டு எங்கே விழுகிறது

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வரலாம். ஒரு உதவித்தொகையோ அதன் தேர்வுமுறையோ ஆட்டம் கண்டால் என்ன ஆகும்?

1. முதல் பயணம் நின்றுபோகும். பிரவுன் சென்னைக்கு வராவிட்டால் ரங்கநாதன் மிடில்டவுனுக்குப் போயிருக்க மாட்டார். ஹிகின்ஸ் வராவிட்டால் யார்க்கில் சங்கரனுக்கு நாற்காலி இல்லை. இந்த முதல் பயணம் செய்கிற வயதில் அவர்களுக்குப் பெயரும் கிடையாது, பணமும் கிடையாது. இன்னார் இருபது ஆண்டு கழித்து என்ன செய்வார் என்று யாருக்கும் தெரியாத நேரத்தில் கொடுக்கப்படுகிற பணம் இது. அதனால்தான் தேர்வு, துறை அறிந்தவர்கள் கையில் இருக்க வேண்டும். அதிகாரியின் விருப்பு வெறுப்பு அங்கே நுழைந்தால், அடிபடுவது இந்த மாதிரிப் பெயர் தெரியாத ஆட்கள்.

2. விசா. பரிமாற்றத் திட்டங்களில் போகிறவர்களுக்கு அமெரிக்கா தருவது ஜே-1 விசா; 1961ஆம் ஆண்டுப் பரிமாற்றச் சட்டத்தை ஒட்டியது. இதில் அரசுப் பணத்தில் போகிறவர்களில் பலர் முடிந்ததும் இரண்டு ஆண்டு சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். தனித்த பண்பாட்டுக் கலைகளைக் காட்டவும் கற்பிக்கவும் போகும் கலைஞர்களுக்கு பி-3 என்று ஒரு வகை, 1990 சட்டத்தில் வந்தது. அழைக்கிற நிறுவனம் விண்ணப்பித்து, இந்தக் கலை தனித்தன்மை உள்ளது என்று ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். சிறிய கல்லூரிக்கு இந்தச் செலவும் அலைச்சலும் தாங்காது. விதி கொஞ்சம் இறுகினாலும் அவர்கள் கலைஞரை அழைப்பதையே விட்டுவிடுவார்கள்.

3. ஒப்பந்த ஆசிரியர் முதலில் போவார். பல்கலைக்கழகத்தில் பணம் குறையும்போது பணிக்காப்பு உள்ள பேராசிரியரைச் சுலபமாக நீக்க முடியாது. கலைஞரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகும், அவ்வளவுதான். யாரையும் நீக்கியதாகச் செய்தி வராது. பாடப் பட்டியலில் 'தென்னிந்திய இசை' என்ற வரி அப்படியே இருக்கும். ஒலிப்பதிவு போட்டுக்காட்டி யாரோ வகுப்பு எடுப்பார்கள். மான்டில் ஹூட் 1960இல் எதை மாற்றச் சொன்னாரோ, அங்கேயே திரும்பிப் போய் நிற்போம்.

பிள்ளைகளைக் கலைப் படிப்புக்கு வெளிநாடு அனுப்ப நினைக்கிறவர்களும், நம் ஊரிலேயே இப்படியொரு திட்டத்தில் கற்பிக்க அழைப்பு வரும் கலைஞர்களும், கட்டடத்தின் படத்தையும் உதவித்தொகைத் தொகையையும் தாண்டி ஒரு வரியைத் தேட வேண்டும். ஆசிரியரின் பெயருக்குக் கீழே என்ன பதவி போட்டிருக்கிறது? எத்தனை ஆண்டுக்கு? அவர் போனால் அடுத்து எடுக்க ஆள் உண்டா? பெயரே இல்லாமல் 'அனுபவமிக்க கலைஞர்கள் கற்பிப்பார்கள்' என்று மட்டும் இருந்தால், எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை கட்டணம் கட்ட வேண்டாம், கையெழுத்தும் போட வேண்டாம்.